இரண்டு நாட்டு அட்டை. குடியிருப்பது எந்த நாட்டில்?

ஊரில் ஒரு ரேஷன் கார்டு, தாராவியில் ஒரு ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது மும்பைத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் பெயரை நீக்கிய சான்றைத் தாலுகா ஆபீசில் வாங்கி வந்த பிறகே இங்கே பெயர் ஏறும். 2019-ல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தால் எந்த ஊரிலும் அரிசி வாங்கும் வசதி வந்தது. ஆனாலும் கார்டு என்னவோ ஒன்றுதான். வாக்காளர் பட்டியலிலும் ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்கிறது 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

இப்படி ஒற்றைக் கார்டிலேயே காலம் தள்ளிய குமாஸ்தாக்களின் வீடுகளில் இப்போது வேறொரு பேச்சு அடிபடுகிறது. மகன் அமெரிக்காவில், மகள் கனடாவில். அமெரிக்கா தருவது 'கிரீன் கார்டு'. கனடா தருவது 'பி.ஆர்.' அட்டை. அடுத்தடுத்துள்ள இந்த இரு நாடுகளிலும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் நிரந்தர வாசி என்று அட்டை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். இரு நாட்டுச் சட்டங்களிலும் இதற்கு நேரடித் தடை கிடையாது. இந்திய அரசாங்கத்துக்கும் ஆட்சேபம் இல்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றால்தான் 1955-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போகும். வசிக்கும் உரிமை வேறு, குடியுரிமை வேறு. அட்டை இரண்டானாலும் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

இரண்டையும் வாங்குவதில் தடையில்லை. வைத்துக் காப்பாற்றுவதில்தான் சங்கடம்.

வரிசையில் நிற்பவர்கள்

ஒருவர் எதற்காக இரண்டு அட்டைக்கு மனுப் போட வேண்டும்? காரணம் அமெரிக்க வரிசை. எச்-1பி விசாவில் போய் உத்தியோகம் பார்க்கும் இந்தியர்கள் கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 1990-ம் ஆண்டுச் சட்டப்படி, எண்ணிக்கை வரம்புள்ள பிரிவுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. பெரிய நாட்டுக்கும் அதே அளவு, சின்ன நாட்டுக்கும் அதே அளவு. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்திலுள்ள கனடாவோ 1967 முதல் வயது, படிப்பு, மொழி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கிறது. ஆகவே அமெரிக்காவில் நின்றுகொண்டே கனடாவுக்கும் மனுப் போட்டு வைக்கிறார்கள். 2023 ஜூலையில் எச்-1பி விசாக்காரர்களுக்கென்று கனடா 10,000 தற்காலிக வேலை அனுமதிகளுக்கு மனு வாங்கத் தொடங்கியபோது இரண்டே நாளில் அத்தனையும் தீர்ந்தன. கனடா அட்டை முதலில் வந்து, சில வருஷம் கழித்துக் கிரீன் கார்டும் வந்தால், கையில் இரண்டு.

ஐந்து வருஷத்தில் 730 நாள்

கனடாவின் கணக்கு பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஐந்து வருஷத்தில் 730 நாள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம் இருந்தாலும் அது ஒரு நாள். அட்டை காலாவதியானால் உரிமையும் காலாவதி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அதிகாரி நாட்களை எண்ணிப் பார்த்து முறைப்படி முடிவு செய்தால்தான் உரிமை போகும். வெளிநாட்டில் இருக்கையில் அப்படி முடிவானால், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நாட்களைக் கூட்டிச் சொல்லிச் சமாளிக்க இடமில்லை. தரைவழி எல்லையில் ஒரு நாட்டுக்குள் நுழைந்த பதிவே மற்ற நாட்டிலிருந்து வெளியேறிய பதிவாக 2013 முதல் இரு அரசாங்கங்களுக்கும் இடையே போய்ச் சேருகிறது. ஒரு ஸ்டேஷனில் வண்டி வந்து சேர்ந்தது என்றால் முந்தைய ஸ்டேஷனை விட்டுப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்!

அமெரிக்கா நாட்களை மட்டும் எண்ணுவதில்லை, மனசையும் பார்க்கிறது. வீடு எங்கே, வேலை எங்கே, குடும்பம் எங்கே, வரி கட்டுவது எங்கே என்று கேட்கிறது. வெளியே 180 நாளைத் தாண்டினால் கேள்வி கூடும். ஒரு வருஷம் தாண்டினால் வெறும் அட்டை போதாது. மறுநுழைவு அனுமதியை முன்கூட்டியே, அமெரிக்காவில் இருக்கும்போதே, மனுச் செய்து வாங்கியிருக்க வேண்டும். அதுவும் அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குத்தான். வருஷத்துக்கு ஒருமுறை போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தால் கார்டு பத்திரம் என்பது திண்ணைப் பேச்சு.

கையெழுத்துப் போடுமுன்

செம்பூரிலோ டோம்பிவலியிலோ உள்ள ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட மகன் அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு வாங்கித் தருகிறான். டொரோன்டோவிலுள்ள மகள், தன் பங்குக்குக் கனடா பி.ஆர். வாங்கித் தருகிறாள். இருவருமே பாசத்தில் செய்ததுதான். கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சராசரி 146 நாள் மகளிடம். மீதி 219 நாளும் மகனிடம் இருந்தால்தான் குடியிருப்பது அமெரிக்காவில் என்று தயங்காமல் சொல்ல முடியும். செம்பூர் வீட்டுக்குப் பூட்டு! கூட்டுறவு சொசைட்டி கூட்டத்துக்கு யார் போவது, மாதுங்காவில் காய்கறி யார் வாங்குவது? பெரும்பாலும் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பேரன் பிறக்கும்போது ஒரு தடவை போகிறார்கள்.

அப்போதுதான் விமான நிலையத்தில் அதிகாரி ஐ-407 என்ற படிவத்தை நீட்டக்கூடும். 'நானாகவே கிரீன் கார்டை ஒப்படைக்கிறேன்' என்று பொருள். இருபது மணி நேரப் பயணக் களைப்பில், சர்க்கார் காகிதம் என்றால் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை போட்டுவிடும். போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. அங்கே இவர் குடியிருப்பைக் கைவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. இதைப் பிள்ளைகள் முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

வரி விவகாரம் தனி. கிரீன் கார்டு உள்ளவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். செம்பூர் பாங்கியிலுள்ள டெபாசிட் வட்டி உட்பட. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் 1980-ல் செய்த வரி ஒப்பந்தத்தைக் காட்டி 'நான் கனடாவாசி' என்று சலுகை கேட்கலாம். ஆனால் அந்த ஒரு வரியே கிரீன் கார்டுக்கு உலை வைக்கலாம்.

எல்லை தாண்டும் தொழிலாளி

இரண்டு நாட்டையும் ஒரே நாளில் கட்டி ஆள்பவர்கள் ஒரு சாரார் உண்டு. கனடாவின் விண்ட்சர் நகருக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கும் நடுவே ஓடுவது ஓர் ஆறுதான். 1929-ல் பாலம் வந்தது. 1930-ல் சுரங்கப்பாதை வந்தது. இக்கரையில் குடியிருந்து அக்கரையில் வேலை செய்பவர்கள், கல்யாணிலிருந்து வி.டி.க்கு வருகிறவர்களைப் போலப் போய் வருகிறார்கள்.

1924-ம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவின் கதவுகளை இறுக்கியபோது இவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. தினக்கூலிக்கு வருகிறவரை விருந்தாளியாகக் கருத முடியாது என்று 1929-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கிரீன் கார்டு உள்ளவர் கனடாவிலோ மெக்ஸிகோவிலோ குடியிருந்துகொண்டு அமெரிக்காவில் வேலைக்கு வரலாம் என்ற ஏற்பாடு 1927-ல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. இதனால் உள்ளூர்க் கூலி குறைகிறது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 1974-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் ஏற்பாட்டை நிலைநிறுத்தினார்கள்.

விண்ட்சரில் தூங்கி டெட்ராய்ட்டில் வேலை பார்ப்பவருக்கு ஒரே நாள் இரண்டு நாட்டுக்கும் கணக்காகிறது. கனடா 730-ல் ஒன்றைக் கழித்துக்கொள்கிறது. அமெரிக்கா வேலைக்கு வந்தார் என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் நிபந்தனை கடுமை. ஆறு மாதம் அங்கே வேலை இல்லாதிருந்தால் கிரீன் கார்டு போகும். முந்தைய 12 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலை செய்ததைக் காட்டினால் தப்பலாம். இப்படிக் கழித்த வருஷங்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குச் சேராது. அவருடைய உழைப்புக்குக் கணக்கு உண்டு, உறக்கத்துக்கு இல்லை.

வேலைக்குப் போகிற வயதைத் தாண்டிய செம்பூர்க்காரருக்கு இந்த வழி அடைத்ததுதான். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒன்றில் போய்க் குடியிருக்க அவர் தீர்மானித்தால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்துள்ள இந்தியர், பாஸ்போர்ட்டோடு அதைக் காட்டி, கனடாவுக்கு விசா இல்லாமலே போய்வரலாம். கனடா அட்டை மட்டும் உள்ள இந்தியர், மகனைப் பார்க்க ஆற்றைத் தாண்ட வேண்டுமானால் அமெரிக்க விசாவுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.