தொலைவிலுள்ள கணிப்பொறி ஏன் கதவு திறப்பதில்லை?

"அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் அப்பா அலுவலகக் கணிப்பொறியில்தான் வேலை செய்கிறார்!" 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபின், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து வீடுகள் பலவற்றில் இந்த விந்தையைக் கண்டோம். அழைப்பு மையங்கள் போன்றவற்றின் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணிபுரியத் தடையாக இருந்த விதிகளையும் தொலைத்தொடர்புத் துறை அம்மாதத்திலேயே தளர்த்தியது. ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அந்தப் பழக்கம் வீடுகளை விட்டுப் போகவில்லை. அதனோடு வந்த தொல்லைகளும் போகவில்லை.

'ரிமோட் டெஸ்க்டாப்' என்பது இதற்குப் பெயர். தொலைவில் உள்ள கணிப்பொறியின் திரையை நம் முன்னே கொண்டுவந்து காட்டும் முறை இது. வேலை நடப்பது அங்கேதான். நாம் தட்டும் எழுத்துகளும் மவுசின் அசைவுகளும் அங்கே செல்கின்றன. திரையின் படம் மட்டும் இங்கே வருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரில் இந்த வசதி இடம்பெற்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான வி.என்.சி. என்பதும் ஏறக்குறைய அதே காலத்ததே.

ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. அதன் கணக்குகள் யாவும் அங்குள்ள கணிப்பொறியில் 'டாலி' மென்பொருளில் உள்ளன. கணக்கெழுதும் அம்மையாரின் வீடோ ஆவடியில். மாதந்தோறும் கணக்குக் காட்டுவோர் ஜி.எஸ்.டி. 3பி படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறினால், கட்ட வேண்டிய வரி இருப்பின், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வட்டியும் உண்டு. இன்று 20ஆம் தேதி. மாலை ஆறு மணி. பட்டறைக் கணிப்பொறி திறக்க மறுக்கிறது. என்ன செய்வது?

முதலில், திரையில் தோன்றும் செய்தியை முழுமையாகப் படிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் சிவப்புக் குறியைக் கண்டதும் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறோம்! விண்டோஸில் அடிக்கடி வரும் செய்தி மூன்று காரணங்களைத் தானாகவே சொல்கிறது: அங்கே தொலை அனுமதி இயக்கப்படாமல் இருக்கலாம், கணிப்பொறி அணைந்திருக்கலாம், அல்லது அது வலைப்பின்னலில் இல்லாமல் இருக்கலாம்.

இவற்றுள் இரண்டாவதே நம் ஊரில் முதலில் ஐயப்படத் தக்கது. பகலில் மின்தடை வந்து போயிருக்கும். யு.பி.எஸ். சிறிது நேரம் தாங்கியிருக்கும். பிறகு எல்லாம் அணைந்திருக்கும். மின்சாரம் திரும்பியதும் தானாகவே இயங்கும்படி அமைக்கும் வசதி பல கணிப்பொறிகளில் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. சிலவேளை கணிப்பொறி அணையவே இல்லை, உறங்குகிறது. மின்சாரத்தைச் சேமிக்கக் குறித்த நேரத்திற்குப்பின் உறங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அந்த உறக்கத்தில் வெளியிலிருந்து யார் தட்டினாலும் பெரும்பாலும் அதற்குக் கேட்பதில்லை. காவலாளியைத் தொலைபேசியில் அழைத்து விசையை அழுத்தச் சொன்னால் பாதிக் கதை முடிந்துவிடும்.

கணிப்பொறி விழித்திருந்தும் இணைப்பு வரவில்லையென்றால், அதே பட்டறையிலுள்ள வேறொரு கணிப்பொறியிலிருந்து முயன்று பார்க்கச் சொல்வது நல்ல வழி. அங்கிருந்து திறந்தால் குற்றம் பாதையில். அங்கிருந்தும் திறக்காவிட்டால் குற்றம் கணிப்பொறியிலேயே. பாதைக் கோளாறுகளில் இணையச் சேவையாளர் தந்த முகவரி எண் மாறிப்போவது ஒன்று, ரவுட்டரோ ஃபயர்வாலோ தடுப்பது மற்றொன்று. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்னும் எண்ணுள்ள வாயில் வழியே வரும். அந்த வாயில் அடைபட்டால் வழியில்லை. விண்டோஸின் 'ஹோம்' பதிப்பு வெளியே சென்று பிற கணிப்பொறிகளைத் திறக்குமேயன்றி, தன்னிடம் பிறரை இம்முறையில் அனுமதிக்காது என்பதையும் புதிதாக வாங்குவோர் நினைவில் கொள்க.

இனி அனுமதியின் கதை. இதில்தான் மிகுதியான குழப்பம் நேர்கிறது என்பது எங்கள் கருத்து. இணைப்பு வரவில்லை என்பது வேறு, இணைப்பு வந்தும் உள்ளே விடவில்லை என்பது வேறு. முன்னது கோளாறு. பின்னது, பெரும்பாலும், கணிப்பொறி தன் கடமையைச் செய்வது.

பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும், 'தொலைவிலிருந்து நுழைய இக்கணக்குக்கு அதிகாரமில்லை' என்னும் பொருள்படச் செய்தி வருவதுண்டு. கன்னியர் மடத்தின் வாசலில் நம்மை அடையாளம் கண்டு வரவேற்பறையில் அமர்த்துவார்கள். அதனால் உள்ளறைகளுக்கெல்லாம் செல்ல நமக்கு உரிமை வந்துவிடுவதில்லை அல்லவா? அதுபோல, 'நீ யார்?' என்பது ஒரு கேள்வி, 'உனக்கு இங்கே என்ன உரிமை?' என்பது மற்றொரு கேள்வி. விண்டோஸில் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' என்றொரு குழு உண்டு. நிர்வாகிகளுக்கு உரிமை முன்பே இருக்கிறது. மற்றவர் பெயரை இக்குழுவில் சேர்க்க வேண்டும். அவ்வளவே.

ஆனால் 20ஆம் தேதி மாலை அவசரத்தில் நடப்பது என்ன? "எல்லாருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்துவிடு, ஃபயர்வாலை அணைத்துவிடு" என்கிறார்கள். படிவம் அன்று போய்விடும், உண்மைதான். திறந்த வாயிலோ மறுநாளும் திறந்தே கிடக்கும். 2019 மே மாதத்தில் 'புளூகீப்' என்ற பெரும் பழுது பழைய விண்டோஸ் பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிப்பட்டது. கடவுச்சொல் ஏதுமின்றியே அன்னியர் நுழையக்கூடிய பழுது அது. தான் ஆதரவை நிறுத்தியிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆகவே 3389ஐ நேரே இணையத்துக்குத் திறந்து வைக்காமல், வி.பி.என். என்னும் காப்பான வழியில் முதலில் அலுவலக வலைப்பின்னலுக்குள் வந்து, பிறகு கணிப்பொறியைத் திறப்பதே முறை.

சின்னச் சின்ன காரணங்களும் உள. கடவுச்சொல்லே இல்லாத கணக்கைத் தொலைவிலிருந்து திறக்க விண்டோஸ் இயல்பாக இடந்தராது. கணிப்பொறியின் முன்னமர்ந்து தட்டும் நான்கிலக்க 'பின்' எண் இங்கே செல்லாது; கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். இரு கணிப்பொறிகளின் கடிகாரமும் மிகுதியாக வேறுபட்டால், அதையே காரணங்காட்டி மறுப்பதுண்டு. பழைய கணிப்பொறிக்குள் இருக்கும் பொத்தான் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துபோய் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே சென்றிருக்கும்! சாதாரண விண்டோஸ் புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவரே பணிபுரிய இயலும். ஒரே கணக்கை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் நுழையும்போது மற்றவர் வெளியே தள்ளப்படுவார். இதைப் பழுதென்றெண்ணி இருவரும் மாறி மாறி நுழைந்துகொண்டேயிருப்பதும் நடக்கிறது.

வேலை முடிந்ததும் சன்னலை மூடினால் தொடர்பு மட்டுமே அறுகிறது. அங்கே திறந்த கணக்கேடு திறந்தபடியே இருக்கும். 'சைன் அவுட்' கொடுத்தால்தான் மூடப்படும். வேலையைவிட்டு விலகியவரின் பெயரை அன்றே குழுவிலிருந்து நீக்குவதும் அவசியம். சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் மறக்கப்படுவது இதுதான்.

வேறொரு வகை மென்பொருள்களும் உள்ளன: ஜெர்மனியின் டீம்வியூவர், எனிடெஸ்க், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் 'அசிஸ்ட்' போன்றவை. இவற்றில் பொதுவாக, கணிப்பொறியின் முன்னிருப்பவர் ஓர் எண்ணைத் தெரிவித்து அனுமதி கொடுத்தால் போதும், மற்றவர் நுழைந்துவிடலாம். பழுது பார்ப்போருக்குப் பேருதவி. ஆனால் இங்கே வாயிற்காவலர் நாமே. எனிடெஸ்க் செயலியைக் கைபேசியில் ஏற்றச் சொல்லி, அதில் தோன்றும் ஒன்பதிலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, பெற்றவர் கையில் குற்றம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கு நம் திரை தெரிந்தால், வந்து விழும் ஓ.டி.பி.யும் அவருக்குத் தெரியும்.

வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் மாணவியர் இதை எடுத்துச் சொல்வது நலம். நாம் தேடி அழைக்காத எவருக்கும் அந்த எண்ணைச் சொல்லலாகாது. சொல்லிவிட்டதாகத் தெரிந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து, செயலியை நீக்கி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மோசடிக்காரர் தம் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுவதற்குள் புகார் சேர்ந்தால், பணத்தை அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.