ஆட்டம் முடிந்தபின் செட் எங்கே போகிறது?

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் தேரை உடைத்து விறகாக்குவதில்லை. மேலே கட்டிய மூங்கிலும் சீலையும் இறங்கும், அடித்தேர் நிலையில் நிற்கும். அடுத்த ஆடிக்கு அதே அடித்தேர்மேல் மறுபடி கட்டு. வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கமிருந்து தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் டிவி பார்க்கும்போது இப்படி யோசிக்கத் தோன்றுவதில்லை. கோடி ரூபாய்க் கேள்வி கேட்ட அந்த வட்ட மேடை, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் என்ன ஆகிறது? மூன்று நான்கு வருஷம் கழித்து வேறு சேனலில், வேறு தொகுப்பாளரோடு அதே மேடை திரும்பி வருகிறதே, அது பழைய மேடைதானா?

பெரும்பாலும் இல்லை. மரம் போய்விடும், வரைபடம் தங்கிவிடும்.

நாடகக்காரர்கள் இதற்கு நேர்மாறு. நம் பக்கத்துப் பொங்கல் விழாக்களில் வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ பேசும்போது நடிகர்களுக்கு ஒரு பேச்சு, சீன் செட்டுக்கு ஒரு பேச்சு. தெரு, தர்பார், காடு என்று எழுதிய திரைகள் சுருட்டி வண்டியில் வரும். வள்ளி தினைப்புனம் காத்த அதே காட்டுத் திரைக்கு முன்னால்தான் அடுத்த ஊரில் சந்திரமதி மகனைத் தேடி அழுவாள். பார்க்கிறவர்களும் அதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. திரையைச் சுருட்டி வைக்க ஒரு மூலை போதும். டிவி செட்டை அப்படிச் சுருட்ட முடியாது, சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அது பிறந்தது பிரிட்டனில், 1998 செப்டம்பர் 4 அன்று, ஐடிவி சேனலில். தயாரித்தது செலடார் நிறுவனம், மேடையை வடிவமைத்தவர் ஆன்டி வால்ம்ஸ்லி. அதுவரை போட்டி நிகழ்ச்சி மேடை என்றால் பெரும்பாலும் வருகிறவரைக் கூச்சமில்லாமல் உட்கார வைக்கும் பளிச்சென்ற கூடம். வால்ம்ஸ்லி வேண்டுமென்றே எதிர்த்திசையில் போனார். சுற்றிலும் இருட்டு, நடுவில் இரண்டே நாற்காலிகள். அந்த நாற்காலியும் சோபா மாதிரி சாய்ந்துகொள்ள விடாது. உயரமானது, உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது. மேடைத் தரை கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குக் கீழே பளபளப்பான தாள் ஒட்டிய ஒரு பெரிய குழிவு, விளக்கு பட்டால் தரையே ஆழக் கிணறாகத் தெரியும். கேள்வி ஏற ஏற விளக்குகள் கீழே சாய்ந்து இறங்கும், கூடவே இசையும் மாறும். போட்டியாளர் பாதிப் பதற்றத்தை மேடையிடமிருந்தே வாங்கிக்கொள்கிறார்.

இந்த மேடை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. போனது பலகையும் கண்ணாடியும் அல்ல. நாற்காலி எவ்வளவு உயரம், எந்த நிமிஷம் எந்த விளக்கு இறங்க வேண்டும், எந்த இசை எங்கே நிற்க வேண்டும் என்று எழுதிய கையேடுதான் போனது. தொழிலில் இருப்பவர்கள் அதை ‘பைபிள்’ என்பார்கள். நிகழ்ச்சியின் உரிமையை வாங்குகிறவர் அந்தக் கையேட்டையும் சேர்த்தே வாங்குகிறார். செலடாரிடமிருந்து 2006-இல் டூவே டிராஃபிக் என்ற டச்சு நிறுவனத்துக்கும், 2008-இல் சோனிக்கும் கைமாறியது இந்த உரிமைதான்.

இந்தியாவுக்கு வந்தது 2000 ஜூலை 3. ஸ்டார் பிளஸ்ஸில் அமிதாப் பச்சன் உட்கார்ந்த கௌன் பனேகா குரோர்பதி மேடையை இங்கே எழுப்பியவர் லகான் படத்தின் கலை இயக்குநர் நிதின் சந்திரகாந்த் தேசாய். அதே வருஷம் சன் டிவியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’. பிறகு நீண்ட இடைவெளி. 2012-இல் விஜய் டிவி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று பெயர் மாற்றி சூர்யாவை உட்கார வைத்தது, 2013-இல் பிரகாஷ் ராஜ், 2016-இல் அரவிந்த் சாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் ‘கோடீஸ்வரி’ என்று பெண்களுக்கு மட்டுமாக ஆரம்பித்தது, நடத்தியவர் ராதிகா சரத்குமார். கணவர் முதலில் ஆடிய களத்துக்குப் பத்தொன்பது வருஷம் கழித்து மனைவி. 2020 ஜனவரியில் அதில் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேசாத பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்று சேனல், ஐந்து தொகுப்பாளர்கள். பார்க்கிறவருக்கோ அது ஒரே மேடை. இருபது வருஷம் ஒரு கிடங்கில் பூட்டி வைத்து எடுத்ததுபோல இருப்பதற்குக் காரணம் கிடங்கு அல்ல, கையேடு.

ஏன் மரத்தையே வைத்துக்கொள்ளக் கூடாது? முதல் எதிரி வாடகை. ஸ்டூடியோ ஃப்ளோருக்கு நாள் வாடகை. படப்பிடிப்பு முடிந்தும் செட் அங்கே நின்றால் ஒவ்வொரு நாளும் காசு. அதனால் கடைசி எபிசோடுக்கு ‘பேக்கப்’ சொன்ன கையோடு பிரிக்கும் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். முதலில் இறங்குவது விளக்கு, அதை மாட்டும் ட்ரஸ், எல்இடி வால். இவை பெரும்பாலும் வாடகைச் சாமான், அன்றே லாரி ஏறிப் போய்விடும். அதாவது நாம் கண்கொட்டாமல் பார்த்த பளபளப்பில் பெரும்பகுதி அந்த நிகழ்ச்சிக்குச் சொந்தமே இல்லை. மிஞ்சுவது பிளைவுட், ரீப்பர் கட்டை, பெயின்ட் அடித்த ஃபைபர், கொஞ்சம் இரும்பு. இவற்றில் நல்லதைப் பொறுக்கி அடுத்த செட்டுக்கு எடுப்பார்கள். கோடி ரூபாய் மேடைக்குப் படிக்கட்டாக இருந்த ரீப்பர் பிறகு ஏதோ ஒரு சீரியல் மாமியாரின் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நிற்கலாம். மீதி பழைய மரக் கடைக்கு.

கிடங்கு எடுத்து வைத்தாலும் மரம் சும்மா இருக்காது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையைச் சுவரோரம் சாய்த்தால் ஒரு மழைக்காலத்தில் வளையும், தரையில் படுக்கப் போட்டால் கரையான் ஏறும். தவிர, ஆணி அடித்துக் கட்டிய செட் பிரிக்கும்போதே பாதி உடையும். திரும்பக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதல் நாளே நட்டும் போல்ட்டும் போட்டு, ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதி, பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்திருக்க வேண்டும். ஒரு சீசன் ஓடுமா ஓடாதா என்றே தெரியாத நிகழ்ச்சிக்கு இத்தனை முன்யோசனையை யார் செலவழிப்பார்கள்?

காலமும் ஒரு எதிரி. 2000-இல் செட் போட்டது 4:3 பெட்டி டிவிக்கு. அகலத்திரை வந்ததும் பழைய மேடையின் இரண்டு ஓரமும் வெறுமையாகத் தெரியும். ஹெச்டி கேமரா பெயின்ட் பிரஷ் ஓடிய தடத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அப்போது வரைந்து வைத்த பின்னணி இருந்த இடத்தில் இப்போது எல்இடி திரை. பழைய செட்டை அப்படியே காப்பாற்றி எடுத்து வந்தாலும் புதுக் கேமரா அதை ஏற்றுக்கொள்ளாது.

இதற்கெல்லாம் விதிவிலக்காகத் தமிழ்நாட்டிலேயே ஒரு செட் இருக்கிறது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் இருக்கும் பிக் பாஸ் வீடு. 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் திறந்து வைத்தது. இதைக் கேள்வி-பதில் போட்டியோடு சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாமினேஷன், டாஸ்க், எலிமினேஷன், பரிசுப் பணம் எல்லாம் இருக்கும்போது எனக்கு அது விளையாட்டு நிகழ்ச்சிதான். மேலும், செட்டைச் சேமித்து வைப்பது எப்போது கட்டுப்படியாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தேதிகளைப் பாருங்கள். தமிழ் மூன்றாவது சீசன் 2019 அக்டோபரில் முடிந்தது. 2020 ஜனவரி 5 அன்று அதே ஈவிபி வளாகத்தில் மோகன்லாலின் மலையாள பிக் பாஸ் இரண்டாவது சீசன் தொடங்கி, கொரோனாவால் மார்ச் 20 அன்று பாதியில் நின்றது. அக்டோபரில் தமிழ் நான்காவது சீசன் வந்து, 2021 ஜனவரி 17 அன்று முடிந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 14 அன்று மலையாள மூன்றாவது சீசன் உள்ளே வந்தது. ஊரடங்கில் படப்பிடிப்பு நடந்ததற்காக மே மாதம் அதிகாரிகள் செட்டுக்குச் சீல் வைத்தார்கள். அக்டோபரில் மறுபடி தமிழ், ஐந்தாவது சீசன். அது 2022 ஜனவரி 16 அன்று முடிய, இரண்டே வாரத்தில், ஜனவரி 30 அன்று ஹாட்ஸ்டாருக்காக ‘பிக் பாஸ் அல்டிமேட்’.

இந்தக் கணக்கில் இருப்பது எளிய சூத்திரம்தான். நடுவில் இன்னொருவர் குடியிருந்தால் வீடு நிற்கும். சுவர், குழாய், கழிவறை, கேமரா ஓடும் நடைபாதை, சுவருக்குள் ஓடும் வயர் ஆகியவைதான் செலவு பிடிப்பவை. அவற்றை ஒவ்வொரு வருஷமும் பிடுங்கி நட முடியாது. பெயின்ட், படுக்கை, சோபா, சுவர்ச் சித்திரம், கன்ஃபெஷன் ரூம் நாற்காலி இவற்றை மாற்றினால் போதும், வீடு புதுசு. ஏழாவது சீசனில் (2023) பிக் பாஸ் வீடு, ஸ்மால் பாஸ் வீடு என்று இரண்டு வீடு காட்டினார்கள். அடுத்த வருஷம் விஜய் சேதுபதி வந்தபோது ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்தார்கள். விளையாட்டின் விதியை மாற்றியே வீட்டைப் புதுசாக்கும் சாமர்த்தியம் அது.

நிற்கும் செட்டுக்கும் ஆபத்து உண்டு, முக்கியமாக ஆள் இல்லாத நாட்களில். பெங்களூரு அருகே பிடதி இன்னொவேட்டிவ் ஃபிலிம் சிட்டியில் இருந்த கன்னட பிக் பாஸ் வீடு 2018 பிப்ரவரி 22 அதிகாலை எரிந்தது. அந்த சீசன் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. மும்பை கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் இந்தி பிக் பாஸ் செட்டில் 2022 பிப்ரவரி 13 அன்று தீ. அங்கேயும் இறுதிப்போட்டி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. காய்ந்த பிளைவுட், துணி, தெர்மாகோல், ஃபைபர், நடுவில் மின்கம்பி. ஆட்டம் நடக்கும்போது நூறு கண்கள் பார்க்கும் இடம், முடிந்தபின் காவலாளி பொறுப்பில் மட்டும் கிடக்கிறது. சேமிப்பு என்று பேசுகிறவர்கள் தீயணைப்புச் செலவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

செட்டை நகர்த்தாமல் ஆட்களை நகர்த்தும் வழியும் ஒன்று உண்டு. அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் அருகே ‘டோட்டல் வைப்அவுட்’ நிகழ்ச்சியின் தடைக்களத்தை ஒரே இடத்தில் கட்டி வைத்து, பல நாட்டுக்காரர்கள் முறை வைத்துப் போய்ப் படமெடுத்தார்கள். 2011-இல் ஷாருக் கான் தொகுத்து வழங்கிய அதன் இந்தி வடிவமான ‘ஜோர் கா ஜட்கா’வின் போட்டியாளர்களும் விமானம் ஏறி அங்கே போய்த்தான் தண்ணீரில் விழுந்தார்கள். பிரான்ஸின் ஃபோர்ட் பாயார்டுக்குக் கட்டவே வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்கோட்டை அது, 1990 முதல் பல நாட்டு நிகழ்ச்சிகளுக்கு அதுவே செட்.

சேமிப்பை ஒரு கலையாகவே செய்பவர்கள் அமெரிக்காவின் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ ஆட்கள். 1956-இல் தொடங்கி 1965-இல் நின்று, 1972-இல் உயிர்பெற்று இன்றுவரை ஓடும் நிகழ்ச்சி. விலையை ஊகிக்கும் விளையாட்டுகள் மட்டும் எழுபதுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாமான். ஒரு எபிசோடில் ஆடுவது ஆறு, மீதியெல்லாம் மேடைக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்திருக்கும். 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் டெலிவிஷன் சிட்டி ஸ்டூடியோவிலிருந்து கிளெண்டேலுக்கு இடம் மாறியபோது, ஐம்பது வருஷத்துச் சாமான் குடிபெயர்ந்தது. வாரம் ஐந்து நாள் ஓடும் நிகழ்ச்சிக்கு இது கட்டும். நமது சனி, ஞாயிறு நிகழ்ச்சிகளுக்கு இது கட்டாது.

சேமிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் ‘கிரிஸ்டல் மேஸ்’. 1990 முதல் 1995 வரை ஓடிய அந்த நிகழ்ச்சிக்கு ஜேம்ஸ் டில்லன் வடிவமைத்த செட், எசெக்ஸில் ஒரு விமானக் கொட்டகையை நிறைத்தது. நிகழ்ச்சி முடிந்தது, செட் போனது. 2016-இல் ரசிகர்களிடம் பணம் திரட்டி லண்டனில் அதைப்போலவே ஒரு விளையாட்டுக் கூடம் கட்டினார்கள், டிவிக்காரர்கள் அங்கேயே வந்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி எடுத்தார்கள். 2017-இல் முழுத்தொடராகத் திரும்பியபோது பிரிஸ்டலில் புதிய செட். மறுபடியும் டில்லனையே அழைத்தார்கள், மரம் போனாலும் ஆள் இருந்தார்.

ஆக, ஒரு நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவரப் பழைய செட் தேவையில்லை என்பதே என் முடிவு. ஆனால் நினைவுக்கு அது தேவை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் போட்டி நிகழ்ச்சிகளின் வரலாற்றுக்கென்றே தனி ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. சென்னையில் ஏவிஎம் நிறுவனம் 2023 மே மாதம் வடபழனியில் ஹெரிடேஜ் மியூசியம் திறந்து பழைய கார்களையும் கேமராக்களையும் வைத்தது, அது சினிமாவுக்கு. டிவிக்கும் ஒரு மூலை வேண்டும். முழு மேடையும் வேண்டாம், போட்டியாளர் உட்கார்ந்த ஒரு ஹாட் சீட், ஒரு பஸர் மேஜை, செட்டின் வரைபட நகல் ஒன்று போதும். தமிழ் சேனல்களும் தயாரிப்பு நிறுவனங்களும் அடுத்த சீசன் செட்டைப் பிரிக்கும் நாளில், லாரி ஏற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் தனியே எடுத்து வைக்கட்டும்.