தேதி குறித்த குழாய்கள்

தொற்றுக் காலத்தின் மற்ற நோயாளிகள் – 7

2019 நவம்பர் 28-ம் தேதி வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் புதிய திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரோடு நின்றன. தோல் தொழில் நடக்கும் பாலாற்றங்கரை ஊர்கள் மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்குக் கீழே வந்தன. யாரும் அதை ஒரு மருத்துவச் செய்தியாகப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை. கல்லடைப்பு என்றால் ஆம்பூர்க்காரர் வேலூர் பஸ்ஸில் ஏறுவார். சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம். சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதுதான் வழி, வழக்கம்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. வரைபடத்தில் மட்டும் இருந்த மாவட்ட எல்லையில் தடுப்புக் கட்டைகளும் போலீஸும் வந்து நின்றன. எல்லை தாண்டப் பாஸ் வேண்டும். அதற்கு ஏற்கப்பட்ட காரணங்கள் திருமணம், இறப்பு, அவசர மருத்துவம். திருப்பத்தூர் மாவட்டத்திலோ அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது.

சென்ற வாரம் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிப் பார்த்தோம். அவர்களுடைய அவசரம் அரசாங்கத்துக்குப் புரிந்தது. பயணத்துக்குத் தனி உத்தரவுகளும் வந்தன. யூரோலஜி, அதாவது சிறுநீர்ப்பாதை நோயாளியின் அவசரம் அப்படிச் சட்டென்று புரிவதில்லை. அவர் நடந்து வருவார், பேசுவார், சாப்பிடுவார். உள்ளே ஒரு சிறுநீரகம் அடைபட்டிருக்கும். அல்லது மாற்ற வேண்டிய தேதி கடந்துபோன ஒரு குழாய் இருக்கும். இந்த வாரம் அவர்களைப் பற்றி.

2020 மார்ச் 20-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், அவசியமற்ற திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. சரியான முடிவு. படுக்கை, ஆக்சிஜன், மயக்க மருந்து நிபுணர் எல்லாமே கொரோனா நோயாளிக்குத் தேவைப்பட்ட நேரம் அது. உலகம் முழுவதும் இதுதான் நடந்தது. நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் 2.84 கோடி திட்டமிட்ட அறுவைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு கணித்தது. சிக்கல் அடுத்த கேள்வியில் இருந்தது: எதைத் தள்ளலாம், எவ்வளவு நாள் தள்ளலாம்?

ஐரோப்பிய யூரோலஜி சங்கம் இதற்கு நான்கு படிகளை வகுத்தது. ஆறு மாதம் வரை பொறுப்பவை, மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியவை, ஆறு வாரத்தைத் தாண்டக் கூடாதவை, 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டியவை. புராஸ்டேட் வீக்கத்துக்கான அறுவை முதல் வகை. சிறுநீரே போகாமல் வயிறு உப்பி வந்தால் குழாய் போட்டு அனுப்பலாம், அறுவை பிறகு நடக்கட்டும். விதை முறுக்கிக்கொண்டால் கடைசி வகை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்யாவிட்டால் விதையே போய்விடும். பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களுக்கு வருவது. வெட்கத்தில் வீட்டில் சொல்லவே அவனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மீதி நேரத்தில் பாஸ், வண்டி, சோதனைச் சாவடி.

ஊரடங்கு வந்த மாதங்களையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்வை கூடி, சிறுநீர் குறைந்து, உப்புகள் செறிந்து கல் உருவாகும் பருவம் அது. ஏற்கெனவே இருக்கும் கல் நகர்ந்து சிறுநீர்க்குழாயில் சிக்குவதும் அப்போதுதான் அதிகம். சாதாரணக் கல்வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு சில நாள் பொறுக்கலாம். சிறு கல் தானாக வெளியேறியும் விடும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமியும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. சீழ் கட்டி, கிருமி ரத்தத்தில் கலந்து, ஒரே நாளில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மாத்திரை மட்டும் போதாது. கீழிருந்து ஒரு ஸ்டென்ட் ஏற்றியோ, முதுகுப் பக்கம் ஊசி வழியே ஒரு குழாய் விட்டோ அந்தச் சீழை வடித்தாக வேண்டும். கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நோயின் முதல் அடையாளம் குளிரும் காய்ச்சலும். 2020-ல் காய்ச்சலோடு மருத்துவமனை வாசலுக்கு வந்தவருக்கு என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தனி வரிசை, தனி அறை, சளி மாதிரி, முடிவுக்காகக் காத்திருப்பு. கொரோனாவைப் பொறுத்தவரை அந்த ஒழுங்கு தேவைதான். ஆனால் விலாவில் வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தவருக்கு அந்த ஒரு நாளே உயிர். அடிவயிறும் விலாவும் வலிக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது என்று வாசலிலேயே கேட்டு, முடிவு வரும்வரை தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு பாதுகாப்பு உடையோடு குழாய் போடுவதுதான் அன்றைய சரியான நடைமுறை. இதைச் செய்ய மருத்துவ அறிவைவிட வாசலில் நிற்பவருக்குப் பயிற்சி முக்கியமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் ‘கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஸ்டென்ட். டி.ஜே. ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும், இரு முனையும் சுருண்ட ஒரு மெல்லிய குழாய். கல் அறுவைக்குப் பிறகு வைப்பார்கள். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் சில மாதங்களுக்கு மேல் விடக் கூடாது. விட்டால் அதன் மேலேயே உப்பு படிந்து கல்லாகும். பத்து நிமிடத்தில் உருவி எடுத்திருக்க வேண்டிய குழாய்க்குப் பிறகு பெரிய அறுவை தேவைப்படும். சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கும். 2020 மார்ச் முதல் வாரத்தில் வேலூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ திரும்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் எடுக்கத் தேதி. ஏப்ரலில் பஸ் இல்லை. ஜூனில், சில மாவட்டங்களைச் சேர்த்து வகுத்த மண்டலத்துக்குள் ஓடிய பஸ் ஜூலையில் மறுபடி நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் முறையாக ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-ம் தேதிதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பாஸ் விண்ணப்பத்தில் இதை ‘அவசரம்’ என்று எழுத அவருக்கே தோன்றியிருக்குமா? எழுதியிருந்தாலும், ஸ்டென்ட் என்றால் என்னவென்று பாஸ் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

யூரின் டியூப் போட்டிருந்த முதியவர்களுக்கும் இதே கணக்கு. சாதாரண ரப்பர் குழாயை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிகான் குழாய் மூன்று மாதம் வரை தாங்கும். புராஸ்டேட் அறுவையைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்வது எளிது. தள்ளிவைத்த ஒவ்வொரு மாதமும் குழாயோடு ஒரு மாதம். குழாயை மாற்ற ஒரு பயிற்சி பெற்ற செவிலியர் போதும், அறுவை அரங்கம் வேண்டாம். அந்தச் செவிலியர் ஆம்பூரிலேயே கிடைத்திருந்தால் பயணமே தேவைப்பட்டிருக்காது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கவலையைச் சொல்லாமல் போக முடியாது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இந்தப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைப்பழக்கம். சாயங்களும் ஒரு காரணம். தோல் பதனிடும் வேலையே இந்தப் புற்றை உண்டாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தவில்லை; இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் தோலுக்கும் துணிக்கும் நிறமேற்றப் பல காலம் பயன்பட்ட சாயங்களில் ஒரு பகுதி பென்சிடினிலிருந்து செய்யப்பட்டவை. பென்சிடின் மனிதரின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லை. ஜெர்மனி 1994-ல் இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தபோது நம் தோல் ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள். இந்தியாவிலும் 1990-களில் தடை வந்தது. இந்த நோய் சாயம் பட்ட பல ஆண்டுகளுக்குப் பிறகு தலைகாட்டும். இளவயதில் தோல் ஷாப்பில் சாய டிரம் பக்கம் நின்றவர் இன்று ஓய்வுபெற்ற தாத்தா. அவருக்கு ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போய், மறுநாள் தானாக நின்றுவிட்டால், ஊரடங்கில் யார் கிளம்புவார்? புற்று சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்த பின், அறுவைக்கு 12 வாரத்துக்கு மேல் தாமதமானால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. 12 வாரம் என்றால் மார்ச் 25-லிருந்து ஜூன் நடுப்பகுதி.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். ஐரோப்பாவில் கடைகள் மூடியபோது ஆர்டர்கள் நின்றன, கூலியும் நின்றது. வேலை திரும்பியபோது முகக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கத் தயக்கம், பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயம். தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் நேர்வழி. இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருந்தாலும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வேலூர் போவது அவர்களுக்குச் சுலபமில்லை. கொரோனாவுக்கு முன்பும் அப்படித்தான்.

எல்லாப் பாரமும் வேலூரில் வந்து விழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி., 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்தவருக்கு ஊர் போக வழியில்லை, தொடங்காதவருக்குக் கையில் பணம் கரைந்தது. மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்பிய பிறகே மூச்சு வந்தது. ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டது; எதிர்ப்பு வந்ததும் இடிக்கப்பட்டது. சித்தூர்ப் பக்கத்து மக்களுக்கு வேலூர்தான் பக்கத்து ஆஸ்பத்திரி.

மருத்துவமனைகளுக்குள்ளே யூரோலஜிக்கு ஒரு சாதகம் இருந்தது. முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் போடும்போதுதான் கிருமி அதிகம் பரவும் அபாயம் என்று அப்போது கருதப்பட்டது. கல் அறுவை, ஸ்டென்ட், புராஸ்டேட் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தே செய்யலாம். ஸ்டென்ட்டின் முனையில் ஒரு நூலைக் கட்டி வெளியே விடும் முறைக்கும் அப்போது மதிப்பு கூடியது. அந்த நூலைப் பிடித்து இழுத்தாலே குழாய் வந்துவிடும், எண்டாஸ்கோப்பி வேண்டாம். 2020 மார்ச் 25-ம் தேதி தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளியானது. எந்த நோயாளி வந்தே ஆக வேண்டும், யார் வீட்டில் இருக்கலாம் என்பதைப் போனிலேயே பிரிக்க முடிந்தது.

2021-ன் இரண்டாம் அலை முதல் அலையைவிடக் கொடியது. ஆனால் ஒரு வித்தியாசம்: மருத்துவமனைப் பணியாளர்கள் தடுப்பூசி போட்டிருந்தார்கள். சி.எம்.சி. தன் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதமும், மருத்துவமனையில் சேரும் நிலையிலிருந்து 77 சதவீதமும், தீவிர சிகிச்சையிலிருந்து 94 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்தது தெரிந்தது. செவிலியரும் மருத்துவரும் படுத்துவிட்டால் அறுவை அரங்கைத் திறக்க ஆளில்லை என்பதை நினைத்தால் இந்த எண்களின் அருமை புரியும்.

மருத்துவமனையை நம்பி நிற்காத சிகிச்சைக்கும் வேலூரில் ஒரு முன்மாதிரி உண்டு. மேரி வர்கீஸ், தானே சக்கர நாற்காலியில் இருந்த மருத்துவர். அவருடைய முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தங்கள் சிறுநீரைத் தாங்களே நாளில் பலமுறை சுத்தமான சிறு குழாய் விட்டு வெளியேற்றக் கற்றுத்தருவது இன்று இத்தகைய மறுவாழ்வின் முக்கியப் பாடம். இதைக் கற்றவர் ஊரடங்கிலும் மருத்துவமனையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. குழாய் மட்டும் கையில் இருந்தால் போதும். ஒரு தொற்றுக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிகிச்சை எனக்குத் தெரியவில்லை.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் வீடு தேடிப் போயின. அந்தப் பட்டியலில் யூரின் டியூப் மாற்றுவதும் ஸ்டென்ட் தேதியை நினைவூட்டுவதும் எல்லா ஊரிலும் உறுதியாக இடம்பெற வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் அடைபட்ட சிறுநீரகத்தை வடிக்கும் வசதி இரவு பகலாக இருக்க வேண்டும். அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் ஊர்கள் இவை. இதைக் கேட்க இவற்றுக்கு முழு உரிமை உண்டு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது கல் அறுவை நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்திருப்பதாக எழுதியிருந்தால், எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எடுத்துவிட்டார்களா என்று தெரியாவிட்டால் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஒரே ஒருமுறை சிறுநீரில் ரத்தம் போயிருந்தாலும், அது நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.