தீவுக்கு வந்த மின்சார அரசியல்

குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவை நோக்கிச் செல்வோர் நாகபூஷணி அம்பாளையும் நாக விகாரையையும் நினைந்தே செல்வர். வல்லரசுகளின் போட்டியைக் காணச் செல்வோர் எவருமிலர். எனினும் அப்போட்டி இத்தீவின் வாயிலுக்கே வந்த கதை, நாம் யாவரும், சிறப்பாக நம் மாணவர், அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

புங்குடுதீவு வரை தரைவழி உண்டு, அதற்கப்பால் கடல். ஆகவே நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பெரிய மின்வலையமைப்பினின்றும் பிரிந்து, டீசல் இயந்திரங்களையே நம்பி வாழ்ந்தன. எரிபொருளும் கடல் கடந்தே வரவேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத ஊரில் இது விந்தையன்றோ? சூரிய ஒளி, காற்று, மின்கலம், துணைக்கு டீசல் என நான்கையும் இணைக்கும் கலப்பு மின் திட்டம் இவ்வாறே பிறந்தது.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் கோரப்பட்ட கேள்விப்பத்திரத்தில் சீனக் கூட்டு நிறுவனமொன்று தெரிவாயிற்று. 2021 ஜனவரியில் அமைச்சரவையும் இசைவளித்தது. இராமேஸ்வரத்துக்கு அண்மையில் சீனர் கால் பதிப்பதா என இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதென்று சீனத் தூதரகம் அறிவித்தது. அந்நிறுவனம் மாலைதீவுக்குச் சென்றது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகத் திட்டத்தை ஏற்றது. 2024 மார்ச் 1ஆம் நாள் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

மூன்று தீவுகளுக்குமாகச் சூரிய சக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற் மணி, துணை டீசல் இயந்திரம் 2,500 கிலோவாற் என்பது திட்டம். சூரியத் தகடுகள் முழு வலுவுடன் இயங்கினால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மின்கலம் நிறைந்துவிடும். மாணவர் தாமே வகுத்துப் பார்க்கலாம். முகில் மூடிய நாட்களுக்கே டீசல் துணை நிற்கின்றது.

இந்தியாவின் அச்சம் பொருளற்றதென நாம் கூறவில்லை. முறைப்படி கேள்விப்பத்திரத்தில் வென்றவனின் மனக்குறையும் பொய்யன்று. ஆயினும் அமைச்சரவையின் இசைவு முதல் புதிய ஒப்பந்தம் வரை மூன்று ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் டீசற் புகையுடன் காத்திருந்தவர் தீவு மக்களே. அயல்நாடுகளின் கவலை கொழும்பில் கேட்டது; அவர்தம் குரல் எத்துணை கேட்டது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். நாமோ, மின் தானத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டுமென்போம். வாடையும் சோளகமும் சுமந்துவரும் உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் நிற்கும்? மின்கலம் தேய்ந்தால் புதியது வாங்கப் பணம் எங்கே? பழையதை எங்கே புதைப்பது? பழுது பார்க்கத் தீவின் பிள்ளைகள் பயிற்றப்படுவரா? சீனரா, இந்தியரா என்ற வினாவினும் இவையே பெரியவை.

எண்ணெயும் திரியும் எங்கிருந்து வரினும் வருக. விளக்கைத் தூண்டும் கை மட்டும் தீவாரின் கையாக இருத்தல் வேண்டும்.