ஒலிவ எண்ணெயும் அதன் மண்டியும்

எள்ளின் நெய்யே எண்ணெய். ஒரு வித்தின் நெய்க்கு முன்னோர் இட்ட பெயர் நாளடைவில் பொதுப்பெயராய் விரிந்தமையால், தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய் என இன்று கூசாது வழங்குகின்றோம். மேலைநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. கிரேக்கர் ஒலிவ மரத்தை 'எலையா' என்றும் அதன் நெய்யை 'எலையொன்' என்றும் அழைத்தனர். அப்பெயரே இலத்தீனில் 'ஓலியம்' ஆகி, ஆங்கிலத்தில் எல்லா எண்ணெய்க்கும் உரிய 'ஒயில்' ஆயிற்று. மத்தியதரைக் கடலோர மாந்தரின் வாழ்வில் ஒலிவம் பெற்ற இடத்துக்கு இச்சொல் வரலாறே சான்று.

எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினால் எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, வீணாவது ஒன்றுமில்லை. ஒலிவமோ நீர் நிறைந்த கனி. அதனைப் பிழியுங்கால் எண்ணெயுடன் கசப்பு மிக்க கருநீரும் சக்கையும் வெளிப்படும். நூறு பங்கு கனியில் எண்ணெய் ஏறத்தாழ இருபது பங்கே. எஞ்சியதை என் செய்வது என்னும் வினா, ஒலிவச் செக்கோடு உடன்பிறந்ததாகும்.

இலத்தீன் உரைநடையில் முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது, கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் கேற்றோ என்பார் இயற்றிய வேளாண்மை நூல். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதனை யான் கற்றபோது, அவர் அக்கருநீருக்கு அளித்த இடங்கண்டு வியந்தேன். 'அமுர்கா' என்பது அதன் பெயர். சூடடிக்கும் களத்து மண்ணில் அதனை ஊற்றிப் பதப்படுத்தினால் புல்லும் எறும்பும் அணுகா என்கிறார். தானியக் களஞ்சியத்துக்குப் பூசச் சொல்கிறார். பாதியாகச் சுண்டக் காய்ச்சித் துணிப்பெட்டியின் அடியில் தடவினால் பூச்சி அரியாது. தோலுக்கும் வண்டி அச்சுக்கும் ஆகும். செம்மறியின் சொறிக்கு மருந்திலும் சேரும். உரோமின் உயர்பதவிகளை வகித்த ஒருவர் எண்ணெய் மண்டியைப் பற்றி இத்துணை விரிவாக எழுதியிருத்தல் நோக்கத்தக்கது.

அவருக்குப் பின்வந்த வறோ என்பார், கி. மு. 37இல் இயற்றிய நூலில் மற்றொரு பக்கத்தையும் காட்டினார். செக்கிலிருந்து அமுர்கா வழிந்தோடும் நிலம் கறுத்து மலடாகும். அளவறிந்து மரத்தடியில் வார்த்தால் அதுவே பயன்தரும் என்பது அவர் கருத்து. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. அமுர்காவுக்கும் அமிர்தத்துக்கும் சொல்லுறவு யாதுமில்லை. எனினும் பழமொழி இரண்டுக்கும் பொருந்துகின்றது.

நிற்க. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுழல்பொறிகள் வந்தன. அவை வெந்நீர் சேர்த்து எண்ணெயைப் பிரித்தன. நூறு கிலோ கனிக்கு ஏறத்தாழ நூறு லீற்றர் கருநீர் வெளியேறிற்று. ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியாவில் அது குவாதல்கிவீர் ஆற்றையும் அதன் கிளைகளையும் சென்றடைந்தது. கருநீரிலுள்ள சேதனப் பொருள்கள் நீரின் ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, நீர்வாழ் உயிர்கள் மடிந்தன. 1980களின் தொடக்கத்தில் அரசு அதனை ஆற்றில் விடுதலைத் தடுத்தது. ஆலையினர் குளம் வெட்டி வெயிலில் வற்றவைத்தனர். துர்நாற்றம் ஊரைச் சூழ்ந்தது.

1990களின் தொடக்கத்தில் நீர் சேர்க்காத புதுப்பொறி பரவியது. கருநீர் பெரிதும் குறைந்தது. ஆனால் நீரும் சக்கையும் பிரியாத சேறு ஒன்று மிஞ்சிற்று. அதற்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'அல்பெரூஹோ'. கருநீர் 'அல்பெச்சின்', சக்கை 'ஒரூஹோ'. பொருள்கள் இரண்டும் கலந்தாற்போலச் சொற்களும் கலந்துவிட்டன!

இன்று அச்சேற்றிலிருந்து ஒலிவக் கொட்டையைப் பிரித்து எரித்து ஆலைக்கும் வீட்டுக்கும் வெப்பம் பெறுகின்றனர். எஞ்சியதை உலர்த்தி, அதில் ஒட்டியுள்ள எண்ணெயையும் எடுத்தபின், சக்கையை எரித்து மின்சாரம் ஆக்குகின்றனர். சிலர் சேற்றை இலையோடும் சாணத்தோடும் மக்கச்செய்து தோப்புக்கே உரமாக மீட்டளிக்கின்றனர். ஆறு கோடிக்கு மேற்பட்ட ஒலிவ மரங்கள் நிற்கும் ஹயேன் மாகாணத்தின் சரிவுகளில், கவ்வாத்துச் செய்த கிளைகளை நறுக்கிப் பரப்பினால் மழை மண்ணைக் கொண்டுபோகாது. முளையைக் கருக்கும் கசப்புப் பொருள்களும் பயன்படுகின்றன. எண்ணெய் கெடாது காப்பவை அவற்றின் இனமே ஆதலின், அவற்றைப் பிரித்தெடுத்து விற்போரும் உளர்.

இத்தாலி 1996இல் இயற்றிய சட்டமோ கருநீரை நிலத்தில் இட இசைந்து, அதற்கோர் அளவும் வகுத்தது: ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டேயருக்குப் பழைய செக்கின் நீராயின் 50 கனமீற்றர், சுழல்பொறியின் நீராயின் 80. வறோ சொன்ன அளவறிதல் இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின் சட்டமாயிற்று.

இதனால் குறையெல்லாம் தீர்ந்தது என்று கொள்ளற்க. சேற்றை உலர்த்துதற்கு மிக்க வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்துக்காக எரிப்பதும் புகையாகும். மண்ணுக்கு மீள வேண்டியது அடுப்புக்குப் போகின்றதே என்னும் கவலையும் உண்டு. எஞ்சிய எண்பது பங்கில் எவ்வளவை எரிப்பது, எவ்வளவை வேருக்கு மீட்பது என்பதே ஒலிவ நாடுகளின் முன் இன்றுள்ள கணக்கு. அக்கணக்கைத் தவறாகப் போட்டால் முதலில் அறிவது ஆறு. அடுத்து அறிவது மண். மனிதர் அறிவது கடைசியில்.