வாசலில் தெரியாத வீட்டு எண்: ஒரு சிறு பலகை ஏன் இவ்வளவு முக்கியம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இன் முதற்கட்டமான வீட்டுப் பட்டியல் தயாரிப்புப் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தை மத்திய அரசு ஒதுக்கியது. இப்பணிக்கென அறிவிக்கப்பட்ட 33 கேள்விகளில் முதலில் இடம்பெறுபவை கட்டட எண்ணும் வீட்டு எண்ணும்தான். தரை, சுவர், கூரை, குடிநீர், கழிவறை ஆகியவை குறித்த கேள்விகள் அனைத்தும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. எந்த வீடு என்பது தெரியாமல் அந்த வீட்டைப் பற்றி எதையும் பதிவு செய்ய இயலாது.

ஆயினும், நாட்டின் பெரும்பாலான தெருக்களில் வீட்டின் எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. வீட்டுக்குச் சூட்டிய பெயர் பளிங்கில் பெரிய எழுத்துகளில் மின்னும். உரிமையாளரின் பெயரும் பட்டமும் பித்தளைத் தகட்டில் இருக்கும். எண் மட்டும் மின்மீட்டர் பெட்டியின் ஓரத்தில் மங்கிய சாயத்தில் ஒளிந்திருக்கும்.

பகலில் வரும் தபால்காரருக்கு இது பெரிய இடையூறு அன்று. அவருக்குத் தெரு மனப்பாடம். நள்ளிரவில் வரும் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் நிலை வேறு. இதயத்துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது என மருத்துவத் துறையினர் கூறுகின்றனர். கைப்பேசியின் வரைபடம் தெருமுனை வரை வழிகாட்டும். அதன் பிறகு சுவரில் உள்ள எண்ணே வழி. ஒரே மாதிரியான கதவுகள் வரிசையாக நிற்கும் குறுகிய சந்துகளில், யாரேனும் வெளியே வந்து கையசைத்தால்தான் வண்டி நிற்கும். தனியாக வாழும் முதியவருக்காக யார் வெளியே வந்து கையசைப்பது?

எண்ணிடும் முறையும் நாடு முழுவதும் ஒன்றாக இல்லை. ஐதராபாத்தில் 8-2-120 என்பது போன்ற எண்ணைக் காணலாம். முதல் எண் வார்டையும், இரண்டாவது எண் அதன் உட்பகுதியையும், மூன்றாவது எண் கட்டடத்தையும் குறிக்கும். சண்டிகரில் செக்டார் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்தாலே முகவரி நிறைவு பெற்றுவிடும். கொல்கத்தாவில் சாய்கோடு இட்ட எண்கள் மிகுதி. ரவீந்திரநாத் தாகூரின் பூர்விக இல்லமான ஜோராசாங்கோ மாளிகையின் முகவரியே 6/4, துவாரகநாத் தாகூர் சந்து என்பதாகும். ஒரு மனை பாகம் பிரிக்கப்படும்போது சாய்கோட்டுக்குப் பின் எண்ணும் எழுத்தும் வளர்ந்துகொண்டே போகும். சென்னைவாசிகளுக்கோ பழைய எண், புதிய எண் என்ற இரட்டை முகவரி பழகிப்போன ஒன்று. தெருவில் ஒரு வீடு பழைய எண்ணையும் அடுத்த வீடு புதிய எண்ணையும் மட்டும் எழுதி வைத்திருந்தால், புதிதாக வருபவர் திண்டாடத்தான் வேண்டும்.

கட்டடங்களுக்கு எண் வழங்குவதும், அதை வெளியே தெரியும்படி வைக்கச் செய்வதும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் தொட்டு இதற்கான விதிகள் இருந்து வருகின்றன. ஆனால் சொத்து வரி ரசீதில் எண் இருந்தால் போதும் என்ற அளவிலேயே பல இடங்களில் நடைமுறை நின்றுவிடுகிறது.

எண்ணே இல்லாத குடியிருப்புகளின் சிக்கல் இதைவிட ஆழமானது. வாக்காளர் பட்டியலில் சிலரது வீட்டு எண் சுழியம் எனப் பதிவாகியிருந்தது 2025 ஆகஸ்டில் அரசியல் சர்ச்சையாக வெடித்தது. ஊராட்சியோ நகராட்சியோ எண் வழங்காத வீடுகளில் வசிப்போருக்கும், வீடின்றி வசிப்போருக்கும் அவ்வாறு குறிக்கப்படுவதாகத் தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் விளக்கமளித்தார்.

இத்தகைய இடங்களில் களப்பணியாளர்கள் தாங்களே எண்ணிட்டுக் கொள்வது வழக்கம். கணக்கெடுப்பாளர்கள் வரிசை எண்ணைச் சுவரில் எழுதிச் செல்வர். போலியோ ஒழிப்புப் பணியில் இம்முறை பெரும் பயன் தந்தது. வீடு வீடாகச் சென்ற குழுவினர், எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட வீட்டின் சுவரில் 'பி' என்றும், குழந்தை விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் சுண்ணக்கட்டியால் குறித்தனர். 'எக்ஸ்' வீடுகளுக்கு மறுபடியும் சென்றனர். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டதில் இந்தச் சுண்ணக் குறிகளுக்கும் பங்கு உண்டு.

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண், கடிதத்தை உரிய அஞ்சலகம் வரை கொண்டு சேர்க்கும். கதவு வரை அன்று. இந்த இடைவெளியை நிரப்ப 2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் 10 எழுத்து-எண் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஐஐடி ஐதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றுடன் இணைந்து உருவாக்கப்பட்ட இம்முறை, நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரங்களாகப் பகுக்கிறது. இது இடத்தை மட்டுமே குறிப்பதால் தனிநபர் விவரம் எதுவும் இதில் இடம்பெறுவதில்லை. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வீடுகளுக்கு ஒரே குறியீடே அமையும். எனவே கதவில் எண் இருந்தாக வேண்டிய தேவை நீடிக்கிறது.

வாசலில் க்யூஆர் குறியீட்டுப் பலகை பொருத்தும் முயற்சிகளும் சில நகரங்களில் நடைபெறுகின்றன. வரி செலுத்தவும் புகார் அளிக்கவும் அது உதவலாம். எனினும் ஓடும் வண்டியிலிருந்து அதைப் படிக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது, செலவும் குறைவு. எண்ணின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருத்தல் நலம். வெளிர் பின்னணியில் கருமையாகவோ கரும் பின்னணியில் வெண்மையாகவோ எழுதலாம். ஒளியை எதிரொலிக்கும் சாயம் இரவில் கைகொடுக்கும். கதவு திறந்திருக்கும்போது மறைந்துவிடும் என்பதால், கதவைவிட மதில் தூணே பொருத்தமான இடம். வீடு உள்ளடங்கி இருந்தால் தெருவோர வாயிலிலும் எண் வேண்டும். பழைய எண்ணும் வழக்கில் இருந்தால் இரண்டையும் எழுதி, எது புதியது என்பதைக் குறிப்பிட வேண்டும். வளர்ந்துவிட்ட செம்பருத்திக் கிளை பலகையை மறைக்கிறதா என்பதை அவ்வப்போது தெருவில் நின்று பார்த்துக்கொள்வதும் நல்லது.