மின்சார வண்டி பூண்டுலோயாவுக்கு ஏறுமா?

மின்சாரக் கார் என்றதும் பூண்டுலோயா போன்ற மலையக ஊர்களில் முதலில் கேட்பது, "அதெல்லாம் மேட்டுக்குச் சரிவராது" என்ற பேச்சுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. அவற்றின் பற்றரி பெரும்பாலும் 24 கிலோவாட் மணி. அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. கீழ்நாட்டு வெயிலில் சீக்கிரம் தேய்ந்தது. கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். உயரமோ ஏறத்தாழ 1,400 மீற்றர் கூடுகிறது. ஆட்களோடு 1,800 கிலோ வரும் காரை அவ்வளவு உயரம் தூக்கவே 7 கிலோவாட் மணி வேண்டும், ஓடும் தூரத்துக்கு இன்னும் பத்துக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்த பற்றரியோடு அந்த வழியில் உள்ள இறம்பொடை வளைவுகளில் ஏறியவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அது பற்றரியின் குறை, மலையின் குறையல்ல. 50 கிலோவாட் மணி பற்றரி உள்ள இன்றைய காருக்கு அதே உயரம் ஏற, பற்றரியில் ஏழில் ஒரு பங்குதான் செலவு. இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் பிறப்பித்து, ஏற்றத்துக்குச் செலவானதில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பித் தருகிறது. பிரேக்கும் அவ்வளவாகத் தேய்வதில்லை. பெற்றோல் வண்டி இறக்கத்தில் ஒரு துளியையும் திருப்பித் தராது. மலையகத்துக் குளிரில் பற்றரியின் ஆயுளும் கூடும்.

சந்தேகப்படுபவர்கள் நேபாளத்தைப் பார்க்க வேண்டும். 2015இல் இந்திய எல்லை அடைபட்டபோது அந்த மலைநாடு மாதக்கணக்கில் எரிபொருளின்றித் தவித்தது. பிறகு ஆற்று மின்சாரத்தைப் பெருக்கி, மின்சார வாகனங்களுக்கு வரியைக் குறைத்தது. இப்போது அங்கே இறக்குமதியாகும் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்கள். நமக்கு அந்தப் பாடம் 2022இன் பொருளாதார நெருக்கடியில் கிடைத்தது. அந்த ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 1,000 ரூபாய். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு லீற்றர்! அடுத்த மாதம் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர்தான். பூண்டுலோயாவுக்குப் பக்கத்திலேயே, தலவாக்கலையில் அணைகட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012 முதல் 150 மெகாவாட் திறனோடு இயங்குகிறது. காலடியில் மின்சாரம் பிறக்க, கப்பலில் வரும் பெற்றோலுக்காக நாம் வரிசையில் நின்றோம்.

2022 மார்ச் முடிவில் 13 மணிநேரம் கரண்டும் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த மின்வெட்டுக்கு ஒரு பெரிய காரணம் அனல்மின் நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போனது. மின்சாரத்தை நீராலும் வெயிலாலும் காற்றாலும் உள்நாட்டில் எடுக்க வழி உண்டு. பெற்றோலுக்கு அந்த வழியே இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறதே என்பது அடுத்த கேள்வி. பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் கால்பங்கு அளவைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது. மின்மோட்டார் தனக்கு வரும் மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மாற்றுகிறது. அதனால் நிலக்கரி கலந்த மின்சாரத்திலும் மின்சார வண்டி பின்தங்குவதில்லை.

எனக்கு உண்மையான தடையாகத் தெரிவது விலை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்த மாதிரிச் சம்பளம் வாங்குபவரிடம் பல இலட்சம் ரூபாய்க் காரைப் பற்றிப் பேசுவது அநியாயம். அவர் ஏறுவது ஆட்டோவிலும் பஸ்ஸிலும். இந்தியாவில் இப்போது விற்கும் முச்சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை; இங்கும் மாற்றம் ஆட்டோவில்தான் தொடங்க வேண்டும். ஆனால் சொந்தமில்லாத லயக் காம்பராவில், பழைய வயரிங்கில், இரவெல்லாம் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றச் சொல்ல முடியாது. நகரத்து ஆட்டோ ஸ்டாண்டிலும் தோட்டத்துத் தொழிற்சாலையிலும் அதற்கு இடம் வேண்டும். பெரிய இயந்திரங்களை ஓட்டும் மின் இணைப்பு தொழிற்சாலையில் ஏற்கெனவே இருக்கிறது. மலையிலிருந்து கொழுந்து ஏற்றி வரும் லொறி நாள்தோறும் அதே பாதையில்தான் ஓடுகிறது. ஒரு தோட்டம் அந்த லொறியை மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டட்டும். மேட்டுக்குச் சரிவராது என்பவர்கள் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே அதைப் பார்த்துக்கொள்வார்கள்.